அவனுக்குப் பவானி, எனக்குக் கூவம்

ஐ.டி. வேலையில் புரோகிராமில் வரும் எந்தப் பிழைக்கும் யாராவது ஒரு பேட்ச் எழுதிவிடுகிறார்கள். பக்கத்து சீட்டுக்காரன் மேல் வரும் வயிற்றெரிச்சலுக்கு மட்டும் ஒருவரும் எழுதக் காணோம். சக வயிற்றெரிச்சல்காரர்களே, உங்களுக்குப் புரியும்.

டெக்சாஸில், டல்லாஸை ஒட்டிய இர்விங்கில் எங்கள் ஆபீஸ். நியூசிலாந்து மருத்துவமனை ஒன்றின் டேட்டா ப்ராஜெக்ட் வந்தது. லீடாகிறவர் ஆக்லாந்து போகலாம். சீனியர் நான்தான், பெட்டியைக்கூட மனசுக்குள் கட்டிவிட்டேன். ஆனால் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களும் பிரிட்டிஷ்காரர்களும் அந்தக் காலத்தில் போட்ட வைதாங்கி ஒப்பந்தம் அங்கே சாஃப்ட்வேர் வரைக்கும் வருமாம். கூடிப் பேசி முடிவெடுக்கணும், எல்லாரையும் சேர்த்துக்கணும், மாவோரிகளுடையதைக் காப்பாத்தணும். லீட் யார் என்பதையும் அவர்களைக் கேட்டுத்தான் முடிவு செய்யணும். இடையில் வந்தான் என் ஜூனியர் செந்தில்.

மலை எது, ஆறு எது

முதல் வீடியோ கால். மாவோரி தரப்பில் ஹானா என்ற அம்மா. வேலையைப் பற்றிப் பேச்சே இல்லை. தன் மலை, தன் ஆறு, தன் முன்னோர் என்று அறிமுகம் செய்துகொண்டார். அது அவர்கள் வழக்கம். அடுத்து என் முறை. நான் சிந்தாதிரிப்பேட்டை. ஆற்றை அப்படியே விட்டுவிட்டு, வாங்கிய சர்டிஃபிகேட்டுகளை வரிசையாகச் சொன்னேன்.

செந்தில் கோபிச்செட்டிபாளையம். எந்த ஊர், யார் வீடு என்று விசாரிக்காமல் ஒருத்தரிடமும் காபிகூட வாங்கிக் குடிக்காதவன். பச்சமலை, பவானி ஆறு, குலதெய்வக் கோயில், தாத்தாவின் அப்பா என்று போய்க்கொண்டே இருந்தான். ஹானா சொன்னார்: "செந்திலைத் தெரிஞ்சுக்கிட்டேன். இவரோட சர்டிஃபிகேட்டைத் தெரிஞ்சுக்கிட்டேன்."

டல்லாஸுக்கு வராத டேட்டா

டெஸ்டிங்குக்கு நோயாளிகள் டேட்டாவை ஒரு காப்பி டல்லாஸ் சர்வரில் போட்டால் சீக்கிரம் முடியும் என்றேன். முடியாது என்றார் ஹானா. அது முன்னோர் சொத்து மாதிரி, அந்த ஜனங்களைக் கேட்காமல் ஊரைவிட்டு நகராது. செந்தில் அன்றைக்கே தன் ஊர்ப் பக்கத்துப் பெயர்களைப் போட்டுக் கற்பனையாக ஒரு டெஸ்ட் டேட்டா தயாரித்துவிட்டான். ஈரோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்களில் பாதிப் பேருக்கு அதில் சர்க்கரை வியாதி.

எனக்கு அவன் மேல் மட்டுமில்லை, மாவோரிகள் மேலேயே பொறாமை வந்தது. அமெரிக்க விசாவுக்கு என் பத்து விரலையும் பதித்து வாங்கினார்களே, அது எந்த சர்வரில் தூங்குகிறதோ, என்னை யார் கேட்டார்கள்? ஹானாவிடமே புலம்பிவிட்டேன். "நாங்க சும்மா உக்காந்திருந்தா கிடைச்சுது? இன்னும் சண்டை போட்டுக்கிட்டுதான் இருக்கோம்" என்றார்.

மிச்சம் பிடித்த பிரார்த்தனை

சிஸ்டம் தொடங்கப் போகும் நாளுக்கு முன்கூட்டியே அஜெண்டா போட்டது நான். மீட்டிங்குக்கு முன்னால் அவர்கள் சொல்லும் பிரார்த்தனையை, நேரம் மிச்சமாகட்டும் என்று எடுத்துவிட்டேன். இத்தனைக்கும் ஆயுத பூஜைக்கு மானிட்டருக்குப் பொட்டு வைக்கிறவன் நான். செந்தில் பார்த்துவிட்டுத் திரும்பச் சேர்த்தான். "ஏனுங்ணா, நம்ம சாமின்னா தேங்கா ஒடைக்கறீங்க, அவிங்க சாமின்னா டைம் பாக்கறீங்களா?"

கடைசியில் சொன்ன பெயர்

லீட் செந்தில்தான் என்று முடிவானது. ஆபீஸில் கேக் வெட்டினார்கள். என் துண்டை மேஜையிலேயே வைத்துவிட்டு, ஹானாவைத் தனியாக வீடியோ காலில் கூப்பிட்டு, எனக்கு என்ன குறைச்சல் என்று கேட்டேவிட்டேன். "உங்க ஆறு எதுன்னு இன்னிவரைக்கும் எங்களுக்குத் தெரியாது" என்றார்.

கூவம் என்றேன். மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைத் தாண்டுகிற ஆற்றை எப்படிங்க சபையில் சொல்வது என்றும் கேட்டேன். ஹானா சொன்னார்: "எங்க ஆத்துலயும் இப்போ குளிக்க முடியாது. அதுக்காக நான் வேற ஆத்தையா சொன்னேன்?"

செந்தில் ஆக்லாந்து போய்விட்டான். நானோ இப்போது எந்த மீட்டிங்கிலும் முதல் வார்த்தையாகக் கூவம் என்று சொல்லத் தயாராக இருக்கிறேன், டெக்சாஸில்தான் ஒரு கிளையன்டும் கேட்கமாட்டேன் என்கிறான்.