பசிக்காத மாப்பிள்ளை

இரண்டு வாரத்துக்கு முன், ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம். எனக்கல்ல — எனக்கு அந்த யோகமெல்லாம் முடிந்து பல வருஷமாகிறது! என் நண்பன் சுந்தரத்துக்கு. பெண்ணின் பெயர் கமலா; ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

சுந்தரம் துறைமுகத்தில் வேலை பார்ப்பவன். இரவு ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தான். ஆனால் முகத்தில் தூக்கக் கலக்கமே இல்லை. கண் இரண்டும் பளபளவென்று...

"எப்படிடா?" என்றேன்.

"கூட வேலை செய்றவன் ஒரு மாத்திரை கொடுத்தான் லா. போட்டா தூக்கமே வராதாம்."

தூக்கம் வரவில்லை. பேச்சு வந்தது! பெண்ணின் அப்பா "வேலை எப்படி?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். கப்பலில் சரக்கு இறக்கும் விதத்தை விளக்க ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. முழங்கால் தானாக ஆடியது. வாய் வறண்டு, தண்ணீர் குடித்தபடியே பேசினான்.

அப்படியும் இரு பக்கத்துக்கும் பிடித்துப்போய், இலை போட்டார்கள். பெண் வீட்டில் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தமாயிற்றே! சுந்தரம் சோற்றைப் பார்த்தான்... பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு பருக்கை உள்ளே போகவில்லை.

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "எங்க பொண்ணப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்க தம்பி."

"ஐயோ, ரொம்பப் பிடிச்சிருக்கு மாமா!" என்று பதறினான். யார் நம்புவார்கள்? சம்பந்தம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

ரசம் கொண்டுவந்த கமலா அவன் கண்களை உற்றுப் பார்த்தாள்.

"முழிச்சிருக்க மாத்திரை போட்டீங்களா?"

தலையாட்டினான்.

"இவருக்கு இப்பப் பசிக்காதுப்பா. அந்த மாத்திரை அப்படித்தான்." அவன் பக்கம் திரும்பினாள். "இனிமே அதத் தொடாதீங்க. அடுத்த சண்டே தூங்கி எழுந்து வாங்க. அப்பவும் பசிக்கலைன்னா, பிடிக்கலைன்னு நானே எடுத்துக்கறேன்."

அன்று படுத்தவன் மறுநாள் ஷிப்டையும் கோட்டை விட்டான். மாத்திரை களைப்பைப் போக்குவதில்லை, ஐயா. களைப்பாக இருக்கிறது என்று உடம்பு சொல்வதை நம் காதில் விழாமல் செய்கிறது... அவ்வளவுதான். கூடவே பசியையும் விரட்டிவிடுகிறது. இதற்கு ஒரு கல்யாணத்தைப் பறிகொடுப்பதா?

போன ஞாயிறு மறுபடி போனோம். சுந்தரம் சோறு கேட்டான். மறுசோறு கேட்டான். குழம்பு தீர்ந்ததும் ரசத்துக்கு மாறினான். அப்பா சிரித்துவிட்டார். கமலாவுக்குப் பூரண சம்மதம்.

இனி கவலைப்பட வேண்டியவர் கல்யாணச் சமையல்காரர்தான்!