சும்மா வந்த செவ்வாய்க்கிழமை

இரண்டு மாதத்துக்கு முன்னால், சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் பங்குச் சாமியார் ஒரு திட்டம் அறிவித்தார். பத்தாவதில் கோட்டை விட்ட பிள்ளைகளுக்கு, வேலைக்குப் போகும் இளைஞர்கள் ஆளுக்கொருவராகத் துணையிருக்க வேண்டுமாம். நல்ல விஷயம்தானே?

சேக்காட்டில் என் பக்கத்து வீட்டு ரோஸிக்கு, மேனாம்பேடு பிலோமினா வாய்த்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனி டெய்லர். ரோஸிக்குக் கணக்கில் மட்டும் ஃபெயில். அக்டோபர் அட்டெம்ப்ட்டும் போனால் தாய்மாமனுக்குக் கட்டிவைத்துவிடுவது என்று அவள் அப்பா முடிவு செய்திருந்தார். ரோஸிக்கோ நர்ஸிங் ஆசை.

பிலோமினா சனிக்கிழமை தவறாமல் வந்தாள். வந்ததும் கேள்விகள்... படிச்சியா? எத்தனை கணக்கு போட்டே? ஏன் போடலை? கொஞ்ச நாளிலேயே, அவள் குரல் கேட்டால் ரோஸி என் வீட்டுச் சமையற்கட்டில் பதுங்க ஆரம்பித்தாள்.

"அந்தக்கா நல்லவங்கதான்க்கா. ஆனா செஞ்ச பாவத்தயெல்லாம் சாமியார்கிட்ட சொல்லி வாராவாரம் பாவசங்கீர்த்தனம் பண்ற மாரியே கீது" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கவலையும்தான்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை. கரண்ட் இல்லையென்று கம்பெனியில் மதியமே அனுப்பிவிட்டார்களாம். பிலோமினா வந்து நின்றபோது, ரோஸியும் நானும் வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். ஓட வழியில்லை.

"இன்னாக்கா, இன்னிக்கு சனிக்கெழம இல்லியே?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான் வந்தேன்."

அவளும் உட்கார்ந்து உரித்தாள். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும், அவள் தைத்த சட்டைக் காலரைப் பிரித்து மறுபடி தைக்கச் சொன்னதைச் சொல்லிப் புலம்பினாள். "அந்தாளு பக்கத்துல வந்து நின்னாலே பயத்துல தையல் கோணிப்போகுது."

ரோஸி உரிப்பதை நிறுத்தினாள்.

"எனக்கும் அப்டித்தாங்க்கா. ஊட்ல கணக்கு வருது. பரீட்ச ஹால்ல உக்காந்தா பயத்துல அல்லாம் மறந்து பூடுது. தெரிஞ்சவங்க யாராச்சும் வெளில நின்னா தேவல."

இதை அவள் பெற்றவர்களிடம்கூடச் சொன்னதில்லை.

துணைக்குப் போகிறவர்கள் அறிவுரையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போகிறார்கள். தங்கள் பயத்தை மட்டும் வீட்டில் வைத்துவிடுகிறார்கள். அப்புறம் எதிரில் இருப்பவர் எப்படி வாயைத் திறப்பார்?

போன வாரம் கணக்குப் பரீட்சை. பிலோமினா லீவு போட்டுவிட்டு ஸ்கூல் கேட்டுக்கு வெளியே நின்றாள். கூட நானும் போயிருந்தேன். ரோஸி வெளியே வந்ததும், எப்படி எழுதினாய் என்று கேட்க வாயெடுத்தேன் — பிலோமினா என் கையைக் கிள்ளினாள்.

"பசிக்குதா?" என்றாள் ரோஸியிடம்.

ரிசல்ட் இனிமேல்தான் வரவேண்டும். ஆனால் ஓட்டலில் பாதிப் பூரி உள்ளே போனதும் ரோஸி சொன்னாள். "அல்லா கணக்கும் போட்டுட்டேன்க்கா."

யாரும் கேட்கவேயில்லை.