கொயினாவும் கால் மைல் ஓட்டமும்

ரப்பர் விலை படுத்துக் கிடந்த வருடங்களில் ஒன்று அது. மலாக்காவை அடுத்த ஜாசினுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில், கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸராக நான் இருந்தேன். ஆஸ்பத்திரி என்றால் பத்துக் கட்டில், ஒரு மருந்து அலமாரி, பிறகு நான். பெரிய டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை காரில் வந்து போவார். மற்ற நாளெல்லாம் நான்தான் டாக்டர் என்று ஆட்கள் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

மலேரியா ஆட்களை அள்ளிக்கொண்டு போன காலம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் என் முன்னால் வரிசையில் நின்று கொயினா தண்ணீர் குடிக்க வேண்டும். கசப்புத் தாங்காமல் வாயில் வைத்திருந்து துப்புகிறவர்கள் உண்டு என்பதால், குடித்ததும் வாயைத் திறந்து காட்டச் சொல்வேன். "காது ரெண்டும் இரையுதுங்க ஐயா" என்று யாராவது சொல்லாத நாள் கிடையாது. "இரைஞ்சா மருந்து பிடிச்சிட்டுது எண்டு அர்த்தம். நட" என்பேன். அது மருந்துப் புத்தகத்தில் இருந்ததில் பாதி. மீதிப் பாதியைப் படிக்க எனக்குப் பொறுமை இருந்ததில்லை.

எனக்கு ஒரே மகன். பன்னிரண்டு வயது. மலாக்கா டவுனில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்தான். நன்றாக ஓடுவான். முந்தின வருடப் போட்டியில் கால் மைல் ஓட்டத்தில் ஒரே ஓர் எட்டு வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தான். அந்த ஓர் எட்டு வருடம் முழுக்க என் தொண்டையில் சிக்கிக் கிடந்தது. சாயங்காலம் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் அவனை ஓடவிட்டு, நான் சைக்கிளில் பின்னால் போவேன். அவன் கால் தளர்ந்தால் பெல்லை அடிப்பேன். பிள்ளையை உற்சாகப்படுத்துகிறேன் என்றுதான் நம்பினேன். போதாததற்கு, இந்த வருடம் கப் எங்கள் வீட்டில்தான் என்று தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணியிடம் வாயை விட்டிருந்தேன்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவனுக்குக் காய்ச்சல் வந்தது. நடுங்கினான், வியர்த்தான், மறுபடி நடுங்கினான். கொயினா கொடுத்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. போட்டியன்று திரும்ப வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், அளவை இரட்டிப்பாக்கி விடாமல் கொடுத்தேன்.

"பிள்ளை எழும்பி நிக்கவே தள்ளாடுறான். இந்த வருசம் விடுங்கோவன்" என்றாள் மனைவி.

"நீர் சும்மா இரும். மருந்து எனக்குத் தெரியும்."

போட்டிக்கு முதல் நாள் மாலை மகன் வந்து, "காதுக்குள்ள இரையுது அப்பா, வண்டு மாதிரி" என்றான். பெரட்டில் சொல்லும் அதே பதிலைச் சொன்னேன். ஒரு வார்த்தைகூட மாறவில்லை.

மறுநாள் பஸ்ஸில் மலாக்கா போனோம். எப்படி ஓட வேண்டும், எங்கே மூச்சுப் பிடிக்க வேண்டும் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே போனேன். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். இன்று கேட்டால், ஒன்றுமே கேட்கவில்லை என்கிறான். சொல்லப் பயமாக இருந்ததாம்.

திடலில் கயிற்றுக்கு வெளியே நல்ல இடமாகப் பார்த்து நின்றேன். எட்டுப் பையன்கள் கோட்டில் குனிந்தார்கள். துப்பாக்கி வெடித்தது. ஏழு பேர் ஓடினார்கள். என் மகன் குனிந்தபடியே இருந்தான். பக்கத்துப் பையன் போன பிறகுதான் நிமிர்ந்தான். கூட்டம் சிரித்தது. அதில், போட்டி பார்க்க வந்திருந்த பெரிய கிராணியின் சிரிப்பு எனக்குத் தனியாகக் கேட்டது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. கயிற்றை ஒட்டிக் கூடவே ஓடி, வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக் கத்தினேன். அவன் ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு ஓடினான் பாருங்கள், காய்ச்சலில் கிடந்து எழும்பிய பிள்ளை, நாலு பேரைத் தாண்டி நாலாவதாக வந்து விழுந்தான்.

எலுமிச்சைத் தண்ணீர் போத்தல் என் கையில் இருந்தது. கொடுக்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கி, "அங்க நிண்டு நித்திரையோ கொண்டனி?" என்றேன்.

"வெடி கேக்கேல்ல அப்பா" என்றான், ஊருக்கே கேட்கிற மாதிரி. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாலு பேர் முன்னால் என்னை எதிர்த்துக் கத்துகிறான் என்று நினைத்து, வீடு வரும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அவன் வாசற்படியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். மூன்று தடவை கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். சைக்கிளை மெதுவாக உருட்டிக்கொண்டு போய், அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பெல்லை அடித்தேன். மறுபடி அடித்தேன். அவன் சப்பாத்துக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே இருந்தான்.

எத்தனை கிரெயின் கொயினா, எத்தனை நாள், யார் கொடுத்தது என்று மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். மூன்றாவது கேள்விக்கு விரலால் என்னையே காட்டினேன். அளவு மிஞ்சினால் கொயினா காதைக் கெடுக்கும், சிலருக்குக் கேள்வி திரும்பி வரும் என்றார். காத்திருந்தோம். வலது காதில், கதவை அறைந்தால் தெரிகிற அளவுக்கு வந்தது. இடது காதில் அதுவும் வரவில்லை. அடுத்த வருடம் பள்ளிக்கூடம் நின்றது. ஓட்டமும் நின்றது. மனைவி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

இப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. மலாக்கா டவுனில், தெங்கேராவில் போட்டோ பிடிக்கும் ஒரு படக்கடையில், நெகட்டிவ் தகடுகளில் முகங்களைத் திருத்தும் வேலை. பேசுகிறவரின் வாயைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்வான். போன மாதம் பார்க்கப் போயிருந்தபோது திடீரென்று கேட்டான்.

"அண்டைக்கு நான் ஓடேக்க நீங்களும் கூட ஓடிவந்து என்னவோ கத்தினீங்கள். என்ன அப்பா சொன்னனீங்கள்?"

"ஓடு ராசா, ஓடு எண்டனான்" என்றேன், வாயை நன்றாக அசைத்து.

என் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தான். "உங்கட வாய் அண்டைக்கு இப்பிடி அசையேல்ல" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. தகட்டை வெளிச்சத்தில் பிடித்து வேலையைத் தொடர்ந்தான்.

பெரட்டில் இப்போது யாராவது காது இரைகிறது என்றால், மருந்துக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவரை உட்காரவைத்துக் கேட்கிறேன். பிள்ளைகள் ஓடுகிற திடலில் எந்தத் தகப்பனாவது கயிற்றோரம் நின்று கத்தினால், என் கண் ஓட்டத்துக்குப் போவதில்லை, அந்த மனிதரின் முகத்துக்குத்தான் போகிறது. அன்றைக்கு என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, என் மகனுக்குத் தெரியும்.