ஒழியுகயா

என் மகள் ஆசுபத்திரியில் சூப்பிரண்டாக ஆனபோது, பாறசாலைச் சந்தையில் முன்பின் தெரியாதவர்கள்கூட என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இப்போது யாராவது அவளைப் பற்றிக் கேட்டாலே பேச்சை மாற்றிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்தால் காரைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருப்பாள். போன் அடிக்க அடிக்க அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். நர்சுமார் போதவில்லை, கட்டில் இல்லை, இறந்தவரின் ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள், எல்லாவற்றுக்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்தால், ருசியே தெரியவில்லை என்று தள்ளிவிடுவாள். குளித்த தலையைத் துவட்டாமல் அப்படியே படுத்துவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஆராதனைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் அறைக்குள் போனில் பேசுவது கேட்டது.

"ஞான் ஒழியுகயா. இனி எனிக்கு வய்யா."

அழாமல், மெதுவாகச் சொன்னாள்.

வய்யா என்றால் முடியாது. மலையாளத்தில் ஒழிவது என்றால் பதவியை விட்டு விலகுவது. எனக்குத் தெரியாததல்ல, பிறந்ததிலிருந்து இரண்டு பேச்சும் பேசுகிறவள்தான். ஆனால் அந்த நேரம் என் காதில் விழுந்தது தமிழ். தமிழில் ஒழிகிறேன் என்றால் செத்துத் தொலைகிறேன் என்றல்லவா? கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை. டாக்டரான பிள்ளையிடம் அஞ்சாம் வகுப்பு படித்த நான் என்னவென்று கேட்பது? சர்ச்சில் மணி அடித்தது. கதவுக்கு வெளியே பெருக்கினேன். பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்கினேன்.

கதவைத் திறந்தவள், ஏன் சர்ச்சுக்குப் போகவில்லை என்று கேட்டாள்.

"மக்கா, ஒழியாதே. எனக்கு வேற ஆரு உண்டு?"

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு சிரித்தாள்.

"வேலைய விடுததை ஆக்கும் சொன்னேன். மலையாளத்துல கேட்டு தமிழ்ல பயப்படுத ஆளு நீ ஒருத்திதான் அம்மா."

நானும் சிரிக்கப் பார்த்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்தாள்.

"நீ கேட்டதும் பொய்யில்ல. செல நேரம் அதும் தோணுது."

விளக்குமாற்றை எங்கே போட்டேனோ தெரியாது. அவள் கையைப் பிடித்தேன், சில்லிட்டிருந்தது. யாரிடம் காட்ட வேண்டும் என்று கேட்டேன். கூடப் படித்த மனநல டாக்டர் ஒருத்தி காட்டாக்கடையில் இருக்கிறாளாம். ஆனால் அங்கே போய் நின்றால் வெளியே தெரிந்துவிடும், சூப்பிரண்டுக்கே இப்படியா என்பார்கள் என்றாள்.

"சொல்லட்டு. இப்பமே போன்ல விளி. நானும் கூட வாறேன்."

நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுத்தாமல் இருந்தாள். நான் கையை விடவில்லை. அந்தப் பக்கம் குரல் கேட்ட பிறகும் விடவில்லை. அவள் முதல் வார்த்தையைச் சொல்வதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.