கரி டப்பாவுக்குப் பூஜை போட்ட நாள்

எங்கள் ஊர்ப் பக்கம் மத்திகிரியில் அரசாங்கக் கால்நடைப் பண்ணை ஒன்று இருக்கிறது. அங்கே கொட்டகையில் நிற்கும் எந்த மாட்டைப் பிடித்து வந்து என் பக்கத்தில் நிறுத்தினாலும், புத்தியில் மாடுதான் ஜெயிக்கும். இது என்னுடைய பணிவு இல்லை, என் அம்மாவின் நீண்ட நாள் கருத்து. ஒரு ஆயுதபூஜை அன்று ஊரில் யாரும் செய்யாத பக்திக் காரியம் ஒன்றைச் செய்து, என் சித்தியும் சித்தப்பாவும் சேர்ந்து முடிக்க வேண்டிய படத்தை முடிக்க விடாமல் கெடுத்தவன் நான். அப்படித்தான் போன மாதம் வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையும் முட்டாள்தனம்தான் என்று தெரிந்ததில் எனக்குப் பெரிய ஆச்சரியம் எதுவும் இல்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. நாங்கள் இருந்தது லைன் வீடு: ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு போர்ஷன், முன்னால் நீளமாக ஒரு சிமெண்டு முற்றம், முற்றத்தின் கோடியில் ஒரு குழாய். அதில் ஒரு போர்ஷனில் நாங்கள். அடுத்ததில் அம்மாவின் தங்கையான சித்தியும், சித்தப்பாவும். அதற்கும் அடுத்ததில், லைன் முகப்பிலேயே பழைய இரும்புக் கடை வைத்திருந்த பாய் குடும்பம். மற்றதெல்லாம் கம்பெனிக்குப் போகிறவர்கள்.

சித்தி படம் வரையப் படித்தவர். ஆனால் வேலை செய்தது எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில். நாள் முழுக்கப் பூதக்கண்ணாடிக்குக் கீழே கடுகளவு சாமான்களை ஒட்டிவிட்டு வந்தால், கைக்குப் பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் போல இருக்குமாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து முற்றத்தில் விரிப்பார். எங்களையெல்லாம் சுற்றி ஓடச் சொல்லிவிட்டு, ஓட ஓட வரைவார். நின்றுவிட்டால் அவரும் நிறுத்திவிடுவார். பாயைக் கூப்பிட்டுக் காலி பெயிண்ட் டப்பாவைத் தட்டச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்துக்கு வரைவார். பாய் நல்ல தாளக்காரர். தட்டத் தொடங்கினால் கடைக்கு ஆள் வந்து நிற்பதுகூடத் தெரியாது.

"இது என்னா, மாடா?" என்று அம்மா எட்டிப் பார்ப்பார்.

"பாய் தட்டுனது."

"கோலம் போடுடின்னா கோடு போட்டுக்கினு உக்காந்திருக்குறா."

சித்தப்பாவுக்கு வரையப் படிப்பு எதுவும் கிடையாது. வண்டிக் கம்பெனியில் பெயிண்டு அடிக்கும் பிரிவில் வேலை. கை நடுங்காது, அவ்வளவுதான் அவருடைய தகுதி. ஆனால் சித்தியோடு சேர்ந்து வரைய அவர் ஒருத்தர்தான் சரி என்று சித்தி முடிவு செய்துவிட்டார். அதில் ஒரு சின்னச் சிக்கல். இரண்டு பேரும் வீட்டில் சேர்ந்து விழித்திருப்பதே அபூர்வம். விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்து சித்தியை ஏற்றிக்கொண்டு போகும். அவர் திரும்பி வரும்போது சித்தப்பா இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பிப் போயிருப்பார். சித்தப்பா வரும்போது சித்தி தூங்கிக்கொண்டிருப்பார். ஒருத்தருக்கு லீவு ஞாயிறு, இன்னொருத்தருக்கு வியாழன். கல்யாணமாகி ஒரே வீட்டில் குடியிருந்த அந்த இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தவர்கள் எங்கள் லைனில் குறைவு.

அதனால் சுவரில் வரைந்தார்கள். முன் அறையின் நீளச் சுவர். அடுப்படிப் பக்கத்திலிருந்து சித்தி ஒரு பாதையை வரைந்துகொண்டு வருவார். வாசல் பக்கத்திலிருந்து சித்தப்பா ஒரு பாதையை வரைந்துகொண்டு வருவார். சித்தப்பா காலையில், சித்தி சாயங்காலம். சட்டங்களைப் போட்டது சித்தி: அடுத்தவர் போட்ட கோட்டை அழிக்கக் கூடாது. என்ன அர்த்தம் என்று கேட்கக் கூடாது. பதிலை வரைந்துதான் சொல்ல வேண்டும். சித்தப்பா தன் பாதையோரம் ஒரு ஆட்டுக்கு ஹெல்மெட் மாட்டிவிட்டால், அன்று சாயங்காலம் சித்தியின் பாதையில் ஆட்டுக்கு ஒரு டிபன் கேரியர் தயாராக இருக்கும். சித்தி ஒரு நாள் ஜன்னலில் விளக்கு வரைந்தார். மறுநாள் சித்தப்பாவின் பக்கத்தில் ஒரு செருப்பு, அந்த விளக்கைப் பார்த்தபடி.

இரண்டு பேரும் வரையும் கரி இஸ்திரி வண்டிக்காரரிடமிருந்து வரும். அதை வாங்கி வந்து, நீளத் துண்டுகளாகப் பொறுக்கி, பிஸ்கட் டப்பாவில் அடுக்கிவைப்பது என் வேலை. இரண்டு பேர் வரைவதையும் நேரில் பார்த்த ஒரே ரசிகன் நான்தான். காலையில் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட வயிற்றுவலி இருந்தது, சாயங்காலம் இருக்கவே இருக்கிறது. நான் அதை ஏதோ ஒரு போட்டி என்று நினைத்திருந்தேன். சாயங்காலம் சித்தி உள்ளே நுழைந்ததும், "சித்தப்பா இன்னிக்கு உன்னைவிட நல்லா போட்டுட்டாரு" என்று ஓடிப் போய்ச் சொல்வேன். சித்தி செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரைப் போய்ப் பார்ப்பார். தோற்றுப்போகிறவருக்கு ஏன் முகம் அப்படி மலர்ந்திருக்கிறது என்று எனக்குக் குழப்பமாக இருக்கும்.

பாதைகள் இரண்டும் நெருங்கி, நடுவே இரண்டு ஜாண் வெள்ளைச் சுவர் மிஞ்சியிருந்தபோது, சித்தப்பாவைப் புனே பக்கம் புதுப் பிளாண்டுக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. ஆறு மாசம் என்றார்கள். ஆயுதபூஜைக்கு மறுநாள் விடியற்காலை பஸ். ஆயுதபூஜை அன்றைக்கு மட்டும்தான் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு. "அன்னிக்கு ரெண்டு பேரும் நின்னு முடிச்சிடுறோம். எல்லாரும் வந்து பாக்கோணும்" என்று சித்தப்பா லைன் முழுக்கச் சொல்லிவைத்தார். லைனில் எல்லாரும் அந்த இரண்டு ஜாணைப் பற்றியே பேசினார்கள். அதில் இரண்டு பேரும் கைகோத்து நிற்பார்கள் என்றது ஒரு கட்சி. வீடு வரும் என்றது இன்னொன்று. தொட்டில்தான் வரும் என்று வீட்டு ஓனரம்மா அடித்துச் சொன்னார்.

ஆயுதபூஜையில் எனக்கு ஒரு தனி ஈடுபாடு உண்டு. படைத்த சாமானை மறுநாள் பூஜை முடிகிறவரை யாரும் தொடக்கூடாது என்பது சட்டம். கணக்குப் புத்தகத்தைப் படைத்துவிட்டால் கணக்கு கிடையாது. உலகத்தில் இதைவிடக் கருணையான சாமி இல்லை. இரண்டு வீட்டுக்கும் சேர்த்துச் சித்தியின் முன் அறையில்தான் பூஜை. அன்று காலை அப்பாவின் ஸ்பேனர், அம்மாவின் தையல் மெஷின், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் அம்மா சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு பக்தி தலைக்கேறிவிட்டது. ஒன்று பாக்கியில்லாமல் எல்லாப் புத்தகங்களையும் அடுக்கினேன். டி.வி. ரிமோட்டையும் வைத்தேன். அது அம்மா விட்ட ஒரு அறையோடு வெளியே வந்துவிட்டது.

வேறு என்ன ஆயுதம் என்று தேடி, கரி டப்பாவைக் கண்டுபிடித்தேன்.

"சித்தி, இதையும் வெக்கட்டுமா?"

சித்தி டப்பாவைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு எலுமிச்சம்பழத்தைக் கொஞ்சம் தள்ளி இடம் பண்ணிக்கொடுத்தார். நான் டப்பாவுக்கு மூன்று பட்டை சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். அவ்வளவு அழகாக இன்றுவரை எதற்கும் பொட்டு வைத்ததில்லை. அம்மா கற்பூரம் காட்டி முடித்தார்.

சித்தப்பா கம்பெனிப் பூஜையை முடித்துக்கொண்டு, பொரிப் பொட்டலமும் ஸ்வீட் பாக்சுமாகப் பதினொரு மணிக்கு வந்தார். கை கழுவினார். லைன் முழுக்க வந்து வாசலில் கூடிவிட்டது.

"எங்கடா கரி?"

நான் பெருமையாகக் கையைக் காட்டினேன்.

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடப் பாவி! படைச்சாச்சே. இனி நாளைக்குத்தான் எடுக்கணும்."

"நாளைக்கு விடியறதுக்குள்ள எனக்கு பஸ்ஸு அண்ணி" என்றார் சித்தப்பா. குரல் இறங்கிவிட்டது.

இஸ்திரி வண்டியும் பூஜையில் இருந்தது, அதன் கரியும் அதோடு. பாய்தான் முன்னால் வந்தார். "நம்ம கடையில ஒரு மூட்டை கரி கெடக்குது. எடுத்தாரட்டா? நம்மகிட்ட பூஜை கீஜை ஒன்னும் கெடையாது."

"வேணாம் பாய்" என்றார் சித்தி. "ஒரு நாளு, கை சும்மா இருக்கட்டும்."

அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். எங்கே கவனிப்பது? அம்மாவின் கை எட்டாத தூரம் எது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்தி முற்றத்துக்கு இறங்கினார். வண்டி கழுவ வைத்த வாளியில் தண்ணீர் இருந்தது. கையை விட்டு எடுத்து, வெயிலில் காய்ந்து கிடந்த சிமெண்டுத் தரையில் ஒரு கோடு இழுத்தார். சாம்பல் நிறத் தரையில் கோடு கறுப்பாக விழுந்தது. சித்தப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, முற்றத்தின் மறுகோடியில் குழாயடியில் போய் உட்கார்ந்தார். பாய் ஒரு காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்ட ஆரம்பித்தார்.

அதுவரை இரண்டு பேரும் சேர்ந்து வரைந்து யாரும் பார்த்ததில்லை. அவர்களே பார்த்ததில்லை. சித்தி வரைந்த பஸ்ஸில் சித்தப்பா ஓடிவந்து ஒரு ஆளை ஏற்றினார். பாய் வேகத்தைக் கூட்டினால் பாதை வளைந்து வளைந்து ஓடியது, குறைத்தால் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தது. வரைய வரையப் பின்னால் காய்ந்துகொண்டே வந்தது. ஆடு காய்ந்தது, பஸ் காய்ந்தது. இரண்டு பேரும் வேர்த்து, மண்டியிட்டு, சிரித்துக்கொண்டே நடுவை நோக்கி வந்தார்கள்.

"ஏமம்மா, நீள்ளதோ பொம்மலா!" என்று ஓனரம்மா தெலுங்கில் வாயில் கை வைத்தார். தண்ணீரில் பொம்மை போடும் பைத்தியங்களுக்கு வீடு கொடுத்துவிட்டோமே என்ற கவலை அவருக்கு.

நடுவில் பாதைகள் முட்டின. இரண்டு ஈரக் கைகளும் ஒரே இடத்தில் நின்றன. பாய் தட்டுவதை நிறுத்திவிட்டார். கையை யார் முதலில் எடுப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. அந்த இடம் மட்டும் ஈரம் பரவிப் பெரிதாகிக்கொண்டிருந்தது.

எனக்குப் பதற்றம். இதுவும் காய்ந்துவிட்டால்? உள்ளே ஓடிப் போய் அப்பாவின் குடையை எடுத்துவந்து, அவர்கள் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தேன். லைனே சிரித்தது. "டேய், மாப்பிள்ளை பொண்ணுக்குக் குடை புடிக்கிறான்டா" என்றார் பாய். நான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை, படத்துக்குத்தான் பிடித்தேன். கை வலிக்கும்வரை பிடித்தேன். கடைசியாகக் காய்ந்தது குடை நிழலில் இருந்த அந்த இடம்தான். இதை என் வாழ்க்கைச் சாதனையாக இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

மறுநாள் சித்தப்பா போனார். சுவரில் இரண்டு ஜாண் அப்படியே இருந்தது. பொங்கலுக்கு வந்தவர் நான்கு விரல் அகலத்துக்கு வரைந்தார். சித்தி அவர் போகும்வரை காத்திருந்து, தன் பக்கத்தில் இரண்டு விரல் வரைந்தார். ஆறு மாதம் வருஷமானது. அடுத்த பொங்கலுக்கு ஒரு விரல். அதற்கடுத்த பொங்கலுக்கு போன் மட்டும் வந்தது. நடுவில் வெள்ளை பாதிக்கு மேல் மிஞ்சியே இருந்தது. பிறகு ஓனரம்மா பையன் கல்யாணத்துக்கு லைன் முழுக்க ரோஸ் கலர் அடித்தார்கள். சித்தப்பா அந்தப் பக்கமே தங்கிவிட்டார். அவர்கள் பிரிந்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை. சேர்ந்திருப்பதாகவும் யாரும் சொல்வதில்லை.

இப்போது சித்தி பெங்களூரில் மேடைகளில் வரைகிறார். கறுப்புக் கல் பலகையைச் சூடாக்கிவைத்து, தண்ணீரில் வரைவார். பக்கத்தில் யாராவது மிருதங்கமோ கஞ்சிராவோ வாசிப்பார்கள். முன்கூட்டியே பேசிக்கொள்வதில்லை. ஒரு பக்கத்திலிருந்துதான் வரைந்துகொண்டு வருவார், பாதிக்கு மேல் போகமாட்டார். போன மாதம் நானும் போயிருந்தேன். நிலையாமையைப் பற்றி ஒரு தாடிக்காரர் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் நெடுநேரம் விளக்கினார். கரி டப்பா பூஜையில் மாட்டிக்கொண்ட கதையை எழுந்து சொல்லலாமா என்று எனக்கு வாய் துறுதுறுத்தது.

திரும்பும்போது அத்திப்பள்ளியில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினோம். மேடையேறிய சித்தியின் பக்கத்தில் நிற்கும் கௌரவத்தில், பெரிய மனுஷத்தனமாக ஒரு வருத்தம் தெரிவிக்கலாம் என்று ஆரம்பித்தேன். "நான் மட்டும் அன்னிக்குக் கரி டப்பாவைப் பூஜையில வெக்காம இருந்திருந்தா, அந்தச் சுவத்துப் படத்தை நீங்க முடிச்சிருப்பீங்க, இல்ல சித்தி?"

சித்தி டீயை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். எலுமிச்சம்பழத்தைத் தள்ளி இடம் பண்ணிக்கொடுத்த அதே பார்வை.

"முடிச்சிருந்தா, அவரு எதுக்குடா திரும்பி வரணும்?"