கொட்டகைக்கு வைத்த பாடு

எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பிள்ளைகள் கேரம் ஆடுகிறார்கள். பலகையில் தூவிய மாவின் வாசனை படியேறி வருகிறது. எனக்கென்னவோ அதோடு ஈர வலையும் இறால் ஓடும் கொஞ்சம் டீசலும் கலந்து வந்தால்தான் அது கேரம். தோணிரேவுக்குப் பக்கத்தில் எங்கள் குப்பத்துப் பொதுக் கொட்டகையில் அப்படித்தான் வாசம் வீசும்.

மீன்பிடிக்க ஏரிக்குப் போவதை நிறுத்திவிட்ட பெரியவர்கள் எட்டுப் பேர் நாள் முழுக்க அங்கேதான் இருப்பார்கள். வேலை முடிந்ததும் நாங்கள் ஒன்பது பேர் பலகையோடு போவோம். அவர்களுக்கு டிவியில் செய்தி கேட்க வேண்டும். எங்களுக்குக் கத்த வேண்டும். ஆரம்பாக்கத்தில் கேரம் போட்டி அறிவித்ததும் சண்டை முற்றியது.

யோசனை சொன்ன மேதாவி நான்தான். ஏரியில் எந்த நாள் யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பதை எங்கள் பக்கம் பாடு என்போம். கொட்டகைக்கும் அப்படியே பாடு வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

ஏகாம்பரம் மாமா எழுந்து உட்கார்ந்தார். முழங்கால் போனதால் படகை மகனிடம் கொடுத்தவர். "பாடுன்னா பாடு மாதிரியே இருக்கணும் நைனா. அப்பால பேச்சு மாறக்கூடாது."

"மாற மாட்டோம் மாமா."

"உங்கள்ல கண்ணாலம் ஆனவன் எத்தினி பேரு?"

ஏரியில் கல்யாணமாகாதவனுக்குப் பாடு கிடையாது. பிறந்ததிலிருந்து தெரிந்த விதி. கொட்டகை ஞாபகத்தில் மறந்தே போனது. எங்களில் தேசிங்கு ஒருவன்தான் ஆனவன், அதுவும் இரண்டு மாதமாக. பெரியவர்களுக்கு எட்டுச் சீட்டு, எங்களுக்கு ஒன்று.

"ஒம்போது நாளைக்கு ஒரு நாளா? இன்னா மாமா அநியாயம்!" என்று கத்தினான்.

"உம் பொஞ்சாதிய கேளு, அந்த ஒரு நாளாச்சும் உன்னை உடுவாளான்னு."

அம்மா காட்டிய பெண்களைப் பற்றி முதல் தடவையாக அக்கறையோடு யோசித்தேன்.

முதல் சீட்டே ஏகாம்பரம் மாமாவுடையது. கண்ணருகே பிடித்துப் படித்தார். "படகைக் குடுத்ததும் ஏரிச் சீட்டுலேர்ந்து எம் பேர எடுத்துட்டாங்க. ரெண்டு வருசம் கழிச்சு இப்பத்தான் வருது" என்றார்.

மறுநாள் மாலை அவர் மட்டும் உள்ளே, பலகை முன்னால். நாங்கள் வெளியே. மற்ற ஏழு பெரியவர்களும் வெளியேதான், விதி விதிதானே. கொஞ்ச நேரத்தில் தலையை நீட்டினார்.

"தனியாளா எவன்டா வலை இழுப்பான்? ஆளுங்க வாங்கடா!"

ஏரியில் பாடு கிடைத்தவர் தனக்கு வேண்டிய ஆட்களைச் சேர்த்துக்கொள்ளலாம். வந்தவர்கள் வலை ஏறும்வரை போகக் கூடாது. அதனால் அவர் ஆடி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தோம். சிவப்புக் காயை அவர் கடைசிவரை போடவே இல்லை. அடுத்தடுத்த நாட்களில் மற்றவர்களும் ஆள் சேர்த்தார்கள். செய்தி முடியும்வரை வாயை மூடிக்கொள்ள நாங்கள் பழகினோம். ஆரம்பாக்கத்தில் முதல் சுற்றிலேயே தோற்றோம். பஸ் பிடித்து வந்திருந்த பெரியவர்கள் எட்டுப் பேரும் நடுவரோடு சண்டைக்குப் போனார்கள்.

பிறகு நான் வேலைக்காகச் சென்னை வந்துவிட்டேன். ஒரு விடுமுறைக்குப் போனபோது கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. இன்றைக்கு யார் பாடு என்று கேட்டேன். தேசிங்கு ஒரு பெயர் சொன்னான், பக்கத்திலிருந்தவன் வேறொன்று. சீட்டு எழுதி எத்தனை நாளானது என்று யாருக்கும் ஞாபகமில்லை.

ஏகாம்பரம் மாமா சுற்றிலும் பார்த்தார். "என்னுதுன்னு வெச்சிக்கோ. உள்ள வா."

யாரும் மறுக்கவில்லை. மறுநாளும் அதையே சொன்னார், அதற்கு மறுநாளும். குலுக்கல் என்ற ஒன்று அப்படித்தான் எங்கள் கொட்டகையை விட்டுப் போனது.