பொன்னாடைகளுக்கு நடுவே ஒரு பாலை

போன ஞாயிறு மதியம், புலம்பெயர்ந்த தமிழர்கள் கூடும் கிங்ஸ்பரியில் ஒரு ஹால். மேடையில் ஹைக்கே என்ற ஜெர்மன் பெண் கவிஞர். பக்கத்தில் மொழிபெயர்க்க நான். அவர் கண் கூட்டத்தின் மேல். என் கண் சுவர்க் கடிகாரத்தின் மேல்.

ஐந்து மணிக்கு ஹாலைக் காலி செய்ய வேண்டும். அடுத்து யார் வீட்டுக் குழந்தைக்கோ பிறந்தநாள் பார்ட்டி.

ஜெர்மனியில் வேலை பார்த்த காலத்தில் பழக்கமானவர் ஹைக்கே. எழுதுவதெல்லாம் தன் மண்ணைப் பற்றித்தான். அதன் பைன் காடு, அதன் ஓடை, ஓடையில் குடியிருப்பதாக ஊரார் நம்பிய நீர்ப்பெண்... அந்த ஊரையே நிலக்கரிக்காகத் தோண்டிவிட்டார்கள். தோண்டிய இடத்தில் நம் ஊரில் கிடைப்பது போலப் பழந்தாழிகள் வந்தனவாம். அன்று தொற்றியது பழைய நாகரிகங்களின் மேல் ஒரு பித்து. தேடித் தேடிப் படித்தவர் நம் ஐந்திணைக்கு வந்து சேர்ந்தார். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் அதுதான் பாலை என்று படித்த இரவு தூங்கவே இல்லையாம்.

உடனே ஒரு கவிதை. ஓடையை இழந்த நீர்ப்பெண் நடந்து நடந்து பாலைக்குத் தெய்வமான நம் கொற்றவையின் வாசலுக்கு வருகிறாள்.

"பாலை என்ற சொல்லும் உங்களுடையது, தெய்வமும் உங்களுடையது" என்றார், ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியில். "உங்கள் ஆட்கள் முன்னால் வாசிப்பேன். கூடாது என்றால் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுவேன். நாளைக் காலை அச்சுக்குப் போகிறது."

யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஆனால் வாசிக்க விட்டால்தானே?

விளக்கேற்றல். வரவேற்புரை. தலைமையுரை. வாழ்த்துரை. வாழ்த்தியவருக்குப் பொன்னாடை. பொன்னாடை போர்த்தியவருக்கும் ஒரு பொன்னாடை. "நேரமின்மை காரணமாகச் சுருக்கமாக..." என்று தொடங்கிய தலைவர், கீழடியில் புறப்பட்டுக் கிரேக்கம் வரை போய் வந்தார்.

அமைப்பாளர் சிவநேசன் அண்ணையிடம் குனிந்து சொன்னேன். "அண்ணை, அவங்கள வாசிக்க விடுங்க. டைம் போயிட்டே இருக்கு."

"ஓம், ஓம். இன்னும் மூண்டு பேர்தான். அவையளைத் தவிர்த்தா கோவிப்பினம்."

"எப்போது?" என்றார் ஹைக்கே. அடுத்து நாம்தான் என்றேன். மறுபடி கேட்டார். அதே பதில். அப்புறம் அவர் கேட்கவில்லை. கையிலிருந்த கவிதைத் தாளை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தார். ஒரு கவிதைக்காகக் கடல் தாண்டி வந்தவரை அலங்காரப் பொம்மையாக உட்கார வைத்திருக்கிறோமே!

நன்றியுரை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹால் பொறுப்பாளர் உள்ளே வந்து பாதி விளக்கை அணைத்தார். பின்னாலேயே பலூன்கள் வந்தன. நாங்கள் பொன்னாடையும் வடைத் தட்டுமாகக் கார் பார்க்கில் நின்றோம். தூறல் வேறு.

"நிகழ்ச்சி வெகு சிறப்பா முடிஞ்சுது" என்றார் சிவநேசன் அண்ணை.

ஹைக்கேயை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோக டாக்ஸி வந்து நின்றது. அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். அந்த மடிப்பைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"பொறுங்கோ." நர்ஸ் யூனிஃபார்மோடு ஒரு பெண். "இவ இன்னும் வாசிக்கேல்லையே? நான் ஷிப்டுக்குப் போகவேணும். இதைக் கேக்கத்தான் நிண்டனான். வாசிக்கச் சொல்லுங்கோ."

ஹைக்கே தாளைப் பிரித்தார். மழைத்துளி விழுந்து மை கரைந்தது. சிவநேசன் அண்ணை கையில் மிஞ்சியிருந்த பொன்னாடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தார். மறுமுனையை டாக்ஸிக்காரர் பிடித்துக்கொண்டார்.

அவர் ஒரு வரி, நான் ஒரு வரி. அப்படியே வாசித்து முடித்தோம்.

தலைமையுரை ஆற்றியவர்தான் முதலில் வாய் திறந்தார். "கொற்றவை எங்கட தாய்த்தெய்வம். உந்த நீர்ப்பேயைக் கொண்டுவந்து அவவுக்குப் பக்கத்தில இருத்தலாமோ?"

மழுப்பியிருக்கலாம். உள்ளதை அப்படியே ஜெர்மனில் சொன்னேன். ஹைக்கே தலையாட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார். கவிதையை அடித்துவிடத்தான்.

"தோண்டின அந்த ஊர்ச் சனம் இப்ப எங்க?" நர்ஸ் கேட்டார்.

ஹைக்கே சொன்னார். வேறு இடத்தில் புது வீடுகள் கொடுத்தார்கள். தெருக்களுக்குப் பழைய பெயர்களையே வைத்தார்கள். ஓடைத்தெரு இருக்கிறது, ஓடை இல்லை.

நான் சொல்லி முடித்ததும் யாரும் தட்டில் கை வைக்கவில்லை. அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் தாங்கள் இழந்து வந்த ஊரின் பெயரைக் கடைக்கு வைத்தவர்கள்.

"அப்ப அது பாலைதான்" என்றார் நர்ஸ். "வெட்ட வேண்டாமெண்டு சொல்லுங்கோ." பஸ்ஸுக்கு ஓடினார்.

தலைவரைப் பார்த்தேன். அவர் தன் தோளிலிருந்த பொன்னாடையைச் சரிசெய்தபடி மெல்லச் சொன்னார். "ஓம். இருக்கட்டும்."

ஹைக்கே பேனாவை மூடினார்.

அன்று விரித்த பொன்னாடைகளில் ஒன்றுதான் உருப்படியாக வேலை செய்தது... அது யாருக்கும் போர்த்தப்படவில்லை.